ஸ்ஃபாக்ஸுக்குக் கொண்டு போன மீன்

கெலிபியா,
24 ஆகஸ்ட் 1986

தம்பி ஷெத்லிக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் கூரையில் நெருப்பை வைத்துவிட்டுக் கப்பலேறிப் போனவனுக்கு மார்செய் நகரத்தில் என்ன குறை இருக்கப்போகிறது? போனில் கூப்பிட்டிருப்பேன். ஆனால் இங்கே தபால் ஆபீஸ் கூண்டுக்குள் நின்று பேசினால் வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். உன்னைத் திட்டுவதற்கு எனக்குத் தனிமை வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. ஸ்ஃபாக்ஸிலிருந்து அழைப்பு வரவில்லை. என் மகள் துர்ரா கல்யாணமாகிப் போன பிறகு வந்த முதல் பெருநாள். நான் ஆட்டு இறைச்சியை உப்பு தடவிக் கொடியில் காயப்போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு நாஜியா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன மஹ்பூபா, சம்பந்தி வீட்ல இன்னும் கூப்பிடலியா?" என்றாள். "கார் அனுப்புறேன்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் கால் வலி, அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது" என்றேன். என் காலில் ஒரு வலியும் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

இருபது வருஷம் பிரெஞ்சுக்காரன் ரொட்டியைத் தின்றதில் உனக்கு வழக்கமெல்லாம் மறந்திருக்கும். சொல்கிறேன், கேட்டுக்கொள். பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டு வாசலில் தானாகப் போய் நிற்க மாட்டாள். கல்யாணம் முடிந்து, புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஏழு தடவை மீனைத் தாண்டுகிற நாளுக்கு ஒரு தடவை போவாள். அது ஸ்ஃபாக்ஸ்காரர்களின் சடங்கு. அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிட்டால்தான் போகலாம். அந்த ஒரு நாளைத்தான் நீ நாசம் பண்ணினாய்.

நான் பாட்டுக்கு ஷேர் டாக்ஸியில் காலையில் ஏறியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். நீதான் மூக்கின் மேல் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்து நின்றாய். "நம்ம கார் இருக்கறப்போ கண்டவன் முதுகுல இடிச்சுக்கிட்டு எதுக்குக்கா போகணும்? கடலோரமாவே போவோம். ரெண்டு நாள். அங்கங்க நிறுத்தி, குளிச்சு, சாப்பிட்டு, ராஜா மாதிரி போவோம்." போனோம். ராஜா மாதிரியா போனோம்? மீன் வண்டி மாதிரி போனோம். ஜூலை மாதத்து வெயிலில், காரின் பின்பெட்டியில் ஒரு கலவா மீனை வைத்துக்கொண்டு, மீன் துறைமுகமான ஸ்ஃபாக்ஸுக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனாவது ஊசியைத்தான் கொண்டு போனான். அது நாறாது.

மாப்பிள்ளையின் அப்பா ஹாஜி தவ்ஃபீக் தன் கையால் வாங்கி வைத்திருந்த மீனைப் பார்த்து, அத்தனை பெண்களுக்கு நடுவில் நீ கேட்டாயே: "இது மீனா, மீனுக்குப் போடற இரையா?" அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டு ஹாஜிக்கு ஒரு கடிதம் எழுது. அழகாக எழுது. நான் என் மகளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

மஹ்பூபா


மார்செய்,
10 செப்டம்பர் 1986

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையைப் பிரிக்கும்போதே சுட்டது.

மன்னிப்பா? ஸ்ஃபாக்ஸ்காரனிடமா? பாதாம் பருப்பை எண்ணித் தட்டில் வைக்கிற கூட்டம் அது. அவர்கள் வைத்திருந்த மடவை என் முழங்கை நீளம்கூட இல்லை. அதற்கு ரிப்பன் வேறு கட்டி, தட்டில் வைத்து, சாம்பிராணி போட்டுக் குலவையிட்டார்கள். நான் சிரித்திருக்கக் கூடாதுதான். ஆனால் சிரிப்பு வந்தால் என்ன செய்வது? மீனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும்.

நீ எல்லாவற்றையும் என் தலையில் கட்டுகிறாய். கட்டு. பழக்கமானதுதான். ஆனால் மீனைப் பற்றி ஒன்று கேட்கிறேன். கெலிபியா துறைமுகத்தில், விடியற்காலை, விளக்குப் படகுகள் வந்து சேர்ந்த நேரத்தில், பெட்டி பெட்டியாகப் புரட்டிப் பார்த்தது யார்? நான் கேட்டது நடுத்தரமாக ஒன்று. "பெருசா எடுடா. அந்த ஸ்ஃபாக்ஸ்காரங்க வாயைப் பொளக்கணும். கெலிபியாக்காரி பொண்ணு குடுத்திருக்கான்னு தெரியணும்" என்றது யார்? நாஜியா சுவருக்கு மேலிருந்து வந்து சொன்னாளா?

பயணம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. இந்த இருபது வருஷத்தில் நான் ஒவ்வொரு குளிர்காலமும் அந்தக் கடற்கரைச் சாலையை நினைத்துக்கொண்டுதான் இங்கே பஸ் டிப்போவில் நின்றிருக்கிறேன். நீ அந்தச் சாலை முழுக்க வாய் மூடவில்லை. "மெதுவாப் போ. லாரி வருது. ஏன் இவ்வளவு மெதுவாப் போற?" கொர்பாவில் உப்பங்கழியோரம் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. காலை வெயிலில் அந்த நிறத்தை நான் மறக்கவே மாட்டேன். "பாருக்கா" என்றேன். நீ பார்த்தாய். "சாப்பிட முடியுமா?" என்று கேட்டாய்.

இப்படிப்பட்டவளை அழைத்துக்கொண்டு நான் கடல் பார்க்கக் கிளம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன்.

ஷெத்லி


கெலிபியா,
25 செப்டம்பர் 1986

தம்பிக்கு,

பூநாரையை விட்டுவிடு. ஹம்மாமெத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே, ஏன்? நான் எழுதுகிறேன்.

"அந்தப் பெரிய ஹோட்டல் கடல்லதான் குளிக்கணும், அங்க மணல் சலிச்சு வெச்ச மாவு மாதிரி இருக்கும்" என்று காரை நிறுத்தினாய். என்னை மீனுக்குக் காவல் வைத்துவிட்டு, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, வாயில் பிரெஞ்சோடு போனாய். காவல்காரன் நம் மொழியில் கேட்டான்: "ஏய், எங்க போற?" நீ பிரெஞ்சில் என்னமோ நீளமாகப் பேசினாய். அவன் உன் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "பிரெஞ்சுல பேசினா மூஞ்சி மாறிடுமா அண்ணே? இது விருந்தாளிங்க கடல். உங்க கடல் அந்தப் பக்கம், சாக்கடை விழற இடத்துல" என்றான். காரின் கண்ணாடியை நான் இறக்கித்தான் வைத்திருந்தேன். எல்லாம் கேட்டது. நீ திரும்பி வந்து, "கூட்டமா இருக்குக்கா, வேண்டாம்" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நான் அந்தப் பயணத்தில் செய்த ஒரே தப்பு. அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருந்தால், அந்த ஆத்திரத்தையெல்லாம் நீ ஸ்ஃபாக்ஸ் வரை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டாய்.

ஸூஸ் நகரத்தில் ஐஸ் உருகியிருந்தது. சொன்னேன். "சாப்பிட்டுட்டு வந்து வாங்கிக்கலாம்" என்றாய். முட்டை வைத்துப் பொரித்த பணியாரத்தைத் தின்று, அந்தக் கடைக்காரனிடம் மார்செய் துறைமுகத்தின் பெருமையெல்லாம் சொல்லி முடித்து நீ வருவதற்குள் ஐஸ்கடை பூட்டிவிட்டது. மீனுக்கு அப்போதே என்னைப் பார்த்துக் கண் மங்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் அந்த வீட்டு முற்றத்தில் நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். நீ ஈரச் சாக்கில் சுற்றிய அந்தப் பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். சட்டை முழுக்க மீன் நீர். தெருப் பூனைகள் நாலு உன் பின்னால் வந்தன. வாசல் வரை வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. பூனைக்கே வேண்டாத மீன்! ஹாஜி என்ன சொன்னார்? "வாங்க, வாங்க. நீங்க உள்ள வாங்க. அது கொஞ்சம் வெளியில இருக்கட்டும்." எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். நீ கேட்டாயா? நேரே முற்றத்தின் நடுவில் கொண்டுவந்து அந்த ரிப்பன் கட்டிய மடவைக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாய். தண்ணீர் நாலு பக்கமும் ஓடியது.

துர்ரா மடவையை ஏழு தடவையும் தாண்டி முடித்திருந்தாள். தங்கச் சரிகை உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை லஸ்அத் கையைப் பிடித்துக்கொள்ள, எவ்வளவு அழகாகத் தாண்டினாள். பிறகு உன் மீனைத் தாண்டப் போய்க் கால் வழுக்கி அந்த நாற்றத் தண்ணீரில் உட்கார்ந்தாள். குலவை பாதியில் நின்றது.

அந்த வீட்டார் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு வரை பேசவில்லை. ஸ்ஃபாக்ஸ்காரர்கள் அப்படித்தான். வாயால் சண்டை போட மாட்டார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டு மாதம் ஆகிறது. மகளிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் ஒன்று வந்தது. நலம், எல்லோரும் நலம். அவ்வளவுதான். எழுதும்போது மாமியார்க்காரி பின்னால் நின்றிருப்பாள்.

நீ ஒரு கடிதம் எழுதினால் அந்தக் கதவு திறக்கும். உன் மானம் ஒன்றும் குறைந்துவிடாது. இருப்பதில்தானே குறையும்?

மஹ்பூபா


மார்செய்,
12 அக்டோபர் 1986

அக்காவுக்கு,

ஹம்மாமெத் காவல்காரனைப் பற்றி எழுதி முடித்த சந்தோஷத்தில் உனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்திருக்கும். வரட்டும்.

ஆனால் உன் கதையில் இரண்டு இடத்தில் ஓட்டை. துர்ரா தானாகப் போயா என் மீனைத் தாண்டினாள்? அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் பார்த்தேன். அவள் முதுகில் கை வைத்துத் தள்ளி, "தாண்டுடி, மாமா அவ்வளவு தூரத்துலேர்ந்து கொண்டுவந்தது. இவங்க மீன்தான் மீனா?" என்று சொன்னது நானா? எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுத்தான் நான் கப்பலேறினேன்.

இரண்டாவது ஓட்டை, மஹ்தியா. கொர்பாவை நான் சொன்னேன், ஹம்மாமெத்தைச் சொன்னாய், ஸூஸைச் சொன்னாய். ஸூஸிலிருந்து நேரே ஸ்ஃபாக்ஸுக்குப் பறந்துவிட்டாய். நடுவில் மஹ்தியாவில் ஒரு பகல் இருந்தோம். அங்கே நீ என்ன செய்தாய் என்று எழுதவில்லை. காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாய். பெற்ற அப்பா கிடக்கிற கபரஸ்தானுக்கு வெளியே ஹாரன் அடிக்கிற பெண்பிள்ளையை நான் உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை.

போகட்டும். உன் மகளை நீ பார்க்க வேண்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஹாஜிக்கு எழுதிவிட்டேன், இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று. நான் எழுதவில்லை என்று நாளைக்கு நீ சொல்வாய் என்பதற்காக அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"மதிப்புக்குரிய ஹாஜி அவர்களுக்கு, தங்கள் மீன் சிறியது என்று நான் சொன்னது தவறு. சிறியதாக இருந்தாலும் மீன் மீன்தான். அதை நீங்கள் உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கியிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். எங்கள் மீன் சற்று வாடியிருந்தது. பெரிய மீன்கள் தூரப் பயணத்தில் வாடும். சிறிய மீன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நடந்ததை மறந்து என் அக்காவை வீட்டுக்கு அழைக்கவும். அவர் அதிகம் சாப்பிட மாட்டார்."

போதுமா?

ஷெத்லி


கெலிபியா,
28 அக்டோபர் 1986

ஷெத்லி,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

நீ மன்னிப்புக் கேட்கவில்லையடா, மறுபடியும் ஒரு செத்த மீனைத் தூக்கி அவர் முற்றத்தில் போட்டிருக்கிறாய். "அவர் அதிகம் சாப்பிட மாட்டார்." இதைப் படித்துவிட்டு எந்தச் சம்பந்தி கார் அனுப்புவான்? சாத்திக்கொண்ட கதவுக்கு உள்ளேயிருந்து தாழும் போட வைத்தாய். இனி நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டை நினைப்பேன்?

நான் அவள் முதுகில் கை வைத்தேன்தான். தள்ளவில்லை. மெதுவாகத்தான் வைத்தேன். பெற்றவளின் கை அது.

மஹ்தியாவைப் பற்றி நான் எழுதாதது உன் மானத்தைக் காப்பாற்ற. நீ கேட்டுவிட்டாய், வாங்கிக்கொள். அப்பா செத்தபோது வராத பிள்ளை நீ. பன்னிரண்டு வருஷம் கழித்து, காரின் பின்பெட்டியில் மீன் நாற நாற, அவர் பிறந்த ஊரில், கடலைப் பார்த்த அவர் கபரில் சாய்ந்து உட்கார்ந்தாய். ஃபாத்திஹா ஓத எவ்வளவு நேரம் ஆகும்? நீ எழுந்திருக்கவே இல்லை. வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. ஹாரன் அடித்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனுக்கு ஒரு பகல் கொடுத்தாயா? அங்கேதான் அந்த மீன் கெட்டது. ஸூஸில் அது வெறுமே சோர்ந்திருந்தது.

இனி எழுதாதே.

மஹ்பூபா


மார்செய்,
8 நவம்பர் 1986

அக்கா,

எழுதாதே என்றாய். சுருக்கமாக எழுதுகிறேன்.

அப்பாவை அடக்கம் பண்ணிய மூன்றாம் நாள் உன் தந்தி வந்தது. நான் எதற்கு வருவது, மண்ணைப் பார்க்கவா? அந்த மண்ணைத்தான் ஜூலையில் பார்த்தேன். அதற்கும் ஹாரன் அடித்தாய்.

ஹாஜி கூப்பிடுவார், கார் வரும், அதுவரை வாசலில் உட்கார்ந்திருப்பேன் என்று நீ நினைத்தால் உன் பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிடும். கூப்பிட்டால்தான் போவாளாம். யார் போட்ட சட்டம்? செத்துப்போன நாலு கிழவிகள் போட்டது. அவர்கள் யாரும் எழுந்து வந்து உன்னைத் தடுக்க மாட்டார்கள். ஷேர் டாக்ஸி ஏறு. போய் வாசலில் நில். கதவைத் தட்டு. சாத்தினால் எனக்கு எழுது, நான் வந்து அந்தக் கதவை உடைக்கிறேன். அது எனக்கு வரும். மன்னிப்புக் கேட்கத்தான் வராது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கையில் எதையும் தூக்கிக்கொண்டு போகாதே.

ஷெத்லி


கெலிபியா,
21 நவம்பர் 1986

தம்பிக்கு,

போனேன். நீ சொன்னதால் போகவில்லை. நபி பிறந்த நாள், மவ்லூது வந்தது, அதனால் போனேன்.

மவ்லூதுக்குச் செய்கிற இனிப்பு, கறுப்பு அஸீதா கிண்டினேன். பைன் விதையை அலசி, காயவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, கை ஓயக் கிண்டினேன். துர்ராவுக்கு அது உயிர் என்று உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் சட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஒரே ஒரு கிண்ணம். மேலே வெள்ளையாகப் பாலேடு பரப்பி, பாதாம் சீவல் தூவி, துணி கட்டி, என் வெள்ளைத் துப்பட்டிக்குள் மடியில் வைத்துக்கொண்டேன். நீ கையில் எதையும் கொண்டு போகாதே என்று எழுதியிருந்தாய். உன் பேச்சை நான் எப்போது கேட்டேன்?

நாபுலில் மாறி, ஸூஸில் மாறி, ஸ்ஃபாக்ஸ் வந்தேன். கிண்ணம் அசையவில்லை. குளிர்காலம், ஐஸும் தேவையில்லை. வாசலில் நின்று தட்டினேன். அந்த மாமியார்க்காரி ஸகிய்யா வந்து திறந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், சரியான பதிலாக நாலைந்து.

திறந்தது துர்ரா.

என் மகள் என் முகத்தை முதலில் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள். அப்புறம் என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள்.

"மாமா வந்திருக்காரா?"

"இல்லடி. நான் மட்டும்தான்."

"எதுவும் கொண்டு வரலியே?"

"இல்ல" என்றேன். கிண்ணம் துப்பட்டிக்குள் என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது.

அவள் மூச்சு விட்டாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். நான் உடம்பைத் திருப்பிக்கொண்டேன், கிண்ணம் தட்டுப்படாமல் இருக்க.

ஹாஜி உள்ளேயிருந்து வேகமாக வந்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். "அட, சம்பந்தியம்மா! வாங்க, வாங்க! இப்பத்தான் வழி தெரிஞ்சதா? பெருநாளுக்கே கார் அனுப்புறோம்னு சொன்னோமே! உங்களுக்குக் கால் வலி, அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாதுன்னு துர்ரா சொல்லிட்டா. இப்ப கால் எப்படி இருக்கு?"

ஷெத்லி, நான் நாஜியாவிடம் சொன்ன பொய். எழுத்துக்கு எழுத்து அதே பொய். நான் என் மானத்துக்காகச் சொன்னேன், என் மகளும் அவள் மானத்துக்காகச் சொல்லியிருக்கிறாள். நான் துர்ராவைப் பார்த்தேன். அவள் தேநீர் போடப் போய்விட்டாள். "இப்ப தேவலை" என்றேன்.

உன் கடிதத்தை அந்த மனுஷன் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். கடைத்தெரு முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். "சிறியதாக இருந்தாலும் மீன் மீன்தான்! எங்க ஆளுங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உங்க தம்பி மாதிரி ஒரு ஆள் எங்க குடும்பத்துல இல்லையேன்னு எனக்கு வருத்தம்" என்றார். உன் கலவாவை என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்துப் பாதாம் மரத்தடியில் புதைத்தாராம். "எதுக்கு வீணாக்கணும்? வர்ற வருஷம் பாருங்க, மரம் எப்படிக் காய்க்கப்போவுதுன்னு!" என்று ஜன்னலைத் திறந்து காட்டினார். ஸ்ஃபாக்ஸ்காரன் ஸ்ஃபாக்ஸ்காரன்தான். ஸகிய்யா தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். எண்ணவில்லை. நான் எண்ண முயன்றேன், முடியவில்லை, அவ்வளவு இருந்தது.

"துப்பட்டிய எடுத்துட்டு வசதியா உட்காருங்க" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். "குளிருது" என்றேன். அடுப்புப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டே அப்படிச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பாள்.

சமையலறையில் மகளைப் பிடித்தேன். "ஏண்டி பொய் சொன்ன? நான் அங்க வாசலைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துக் கிடந்தேன். இவங்கதான் கதவைச் சாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

அவள் தம்ளரைக் கழுவிக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. அங்கே கற்றுக்கொண்டது போலிருக்கிறது.

"இவங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லலம்மா. நான் விழுந்தப்போ என் காலைக் கழுவிவிட்டது என் மாமியார். நீ என்ன பண்ணின, ஞாபகம் இருக்கா? மாமா சட்டையைத் தொடச்சுக்கிட்டிருந்த. 'இவங்க முற்றம் சரியில்ல, வழுக்குது'ன்னு சொல்லிக்கிட்டே தொடச்ச."

அவள் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு எனக்காக வரலம்மா. இவங்களை ஜெயிக்க வந்தீங்க. நான் நடுவுல இருந்தேன். அடுத்த தடவை வர்றதா இருந்தா முன்னாடியே எழுது. லஸ்அத்தை அனுப்புறேன். வந்து கூட்டிட்டு வருவார்."

அதாவது, எழுதாமல் வராதே.

நான் சாயங்காலமே கிளம்பினேன். இருக்கச் சொன்னார்கள். ஹாஜி நிஜமாகவே சொன்னார். துர்ரா டாக்ஸி ஸ்டாண்ட் வரை வந்தாள், என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள், வண்டி நகரும் வரை நின்றாள். ஒரு மகள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாள். கிண்ணம் மடியிலேயே இருந்தது. கடைசி நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அவள் மறுபடியும் என் கைகளைப் பார்த்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நான் பயந்தேன்.

வண்டி மஹ்தியாவோடு நின்றுவிட்டது. அத்தை மகன் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் கபரஸ்தானுக்குப் போனேன். கடல் சும்மா கிடந்தது. யாருமில்லை. அப்பாவின் கபரில் சாய்ந்து உட்கார்ந்து, துணியை அவிழ்த்து, அந்த அஸீதாவைத் தின்றேன். கரண்டி இல்லை. விரலால் வழித்து வழித்துத் தின்றேன். அழுதுகொண்டே தின்றதால் ருசி தெரியவில்லை. பாலேடு கொஞ்சம் புளித்திருந்தது என்று மட்டும் தெரிந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. நல்ல வேளை, வெளியே காரில் யாரும் இல்லை.

உனக்குக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பேன். ஆனால் எதையும் கெடாமல் கொண்டு போய்ச் சேர்க்கிற வம்சமா நாம்?

கோடையில் வா. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வராதே, பார்க்கச் சகிக்கவில்லை. கடலோரமாகவே போவோம். கொர்பாவில் அந்தப் பறவைகளைக் காட்டு, பார்க்கிறேன். ஸ்ஃபாக்ஸ் வரை போக வேண்டாம். மஹ்தியா போதும். நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார். நான் ஹாரன் அடிக்க மாட்டேன்.

அக்கா